உன் சித்தியிடம் நான் கற்ற ஒரே இங்கிலீஷ் சொல்

மக்ளே,

கவரின் கனத்தைப் பார்த்துப் பதறிவிடாதே. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அப்பா வயலைப் பார்த்துவிட்டு வந்து கஞ்சி குடித்துவிட்டு, கல்யாணப் பந்தலுக்கு ஓலை யாரிடம் சொல்வது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். நான் உனக்கு எழுதுகிற கடிதம் எப்போதும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. நாலாம் வகுப்போடு நின்ற கை இது. இதை மட்டும் நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியதை ஒருமுறை கிழித்தும் போட்டேன். ஆவணியில் நீ கழுத்தை நீட்டப் போகிறாய். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அம்மாக்காரி நாலு நல்ல புத்தி சொல்லி எழுதுவாள். என்னிடம் அப்படி எடுத்துக் கொடுக்கப் புத்தி ஒன்றும் மிச்சமில்லை. நான் எதில் கெட்டுப்போனேன் என்பதைச் சொல்கிறேன், உனக்கு வேண்டியதை அதிலிருந்து நீயே எடுத்துக்கொள். நேரில் சொல்லலாம் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்தேன். நீ லீவில் வந்து என் முன்னால் உட்கார்ந்ததும் வாய் ஒட்டிக்கொண்டுவிடும்.

எனக்கு உன் பகவதி சித்திமேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு நாள், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போன பொறாமை அல்ல. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவள் உன் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு ஒன்பது வருஷம். இன்னும் அது முழுக்கப் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

அவள் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினொரு வயசு. நாகர்கோவிலிலிருந்து, பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் பாஸான பெண் வருகிறாள் என்று தெருவே கூடி நின்றது. அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வெண்கலமும் பட்டும் இருக்கும் என்று எட்டிப் பார்த்தவர்களுக்குப் புத்தகங்கள்தான் தெரிந்தன. சிவப்புத் துணி அட்டை போட்ட, உரல் கல் மாதிரி கனத்த ஒரு அகராதியை நான்தான் தூக்கி அலமாரியில் வைத்தேன். அப்போது எனக்குப் பொறாமை இல்லை. சிரிப்புத்தான் வந்தது. தேங்காய் அரைக்கத் தெரியாது அவளுக்கு. மீன் குழம்பில் தேங்காய் திப்பி திப்பியாக மிதக்கும். நான் சொல்லிக் கொடுப்பேன், அவள் "சரி அக்கா, சரி அக்கா" என்று கேட்டுக்கொள்வாள். ஆறு மாதம் அப்படி நன்றாகத்தான் இருந்தோம்.

அது மாறிய நாளையும் என்னால் சொல்ல முடியும். நான் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாய். கையில் ஒரு தாள். நான் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ காயப்போட்ட நெல்லைச் சுற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி, "சித்தி, இங்கிலீஷ்ல நான்தான் முதல்" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாய். அவ்வளவுதான் நடந்தது. இதைப் போய் ஒருத்தி ஒன்பது வருஷம் மனசில் வைத்திருப்பாளா என்று நீ கேட்கலாம். வைத்திருந்தேன். நான் பெற்ற பிள்ளை எனக்கு முன்னால் என்னைச் சுற்றிக்கொண்டு போனது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதற்குப் பிறகு நான் செய்த சின்னத்தனங்கள் உனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் பின்கட்டில் புத்தகத்தோடு உட்காரும் நேரம் பார்த்துத்தான் உனக்கு எண்ணெய் தேய்க்கக் கூப்பிடுவேன். வேண்டுமென்றே இழுத்துச் சீவுவேன். அவள் வைத்த ரசத்தை நீ இரண்டாம் தடவை கேட்டால் மறுநாள் அடுப்படியில் அவளை விட மாட்டேன். ஒருநாள் அவள் உனக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "உனக்கு ஒண்ணு பெறந்தாத்தான் தெரியும்ட்டி, பிள்ளைக்கு எப்ப பசிக்கும்னு" என்று சொன்னேன். அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உனக்குச் சோறு எடுத்து வைத்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

உனக்குப் பதினாலு வயசு நடக்கும்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. நான் அடுப்படிக்குப் பின்னால் மிளகு வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பலாமரத்தடியில் இருந்தீர்கள். நீ இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி சொன்னாய். பகவதி அதில் ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னாள். ரைவல். பிறகு அகராதியைப் புரட்டி என்னவோ படித்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் நான் இருந்த பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அது என்னைப் பற்றித்தான் என்று என் உடம்புக்கே தெரிந்தது. உன்னிடம் கேட்டிருக்கலாம். ஆனால் உன்னிடம் கேட்டால் நான் ஒட்டுக்கேட்டது தெரியும், எனக்குத் தெரியாத ஒன்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும் என்று நானே ஒத்துக்கொண்டதாகவும் ஆகும். அதற்கு நான் செத்துப்போவேன் என்று இருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் ரைவல், ரைவல் என்று சொல்லிக்கொள்வேன்.

முதலில் உன் அப்பாவிடம்தான் கேட்டேன். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்துவிட்டு, அது ரயிலாக இருக்கும் என்றார். நம் நாகர்கோவிலுக்கே ரயில் கிடையாது, இந்த வீட்டில் எதற்கு ரயிலைப் பற்றிப் பேச்சு வரப்போகிறது என்றேன். அப்படியானால் தெரியாது என்றார். ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. கரியும் புகையுமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகிற ஒன்று என்று என்னைத்தான் கேலி பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் அடுப்படியில் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தேன். பிறகு கோட்டாற்றிலிருந்து துணி மூட்டையோடு வருகிற சாயிபு வந்தார். அவர் தம்பி குளச்சலில் கப்பல் சரக்கு இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர், அவருக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். அவர் கேட்டதும் சொல்லிவிட்டார். "அது அரைவலாக்கும் தாயே. கப்பல் வந்து சேந்தா போர்டுல எழுதிப் போடுவாவ. வந்து சேருததுன்னு அர்த்தம்." வந்து சேர்ந்தவள் என்று என்னையா சொன்னாள்? அவளுக்குப் பதிமூன்று வருஷம் முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள் நான். அந்தக் கோபத்தில் ஒரு சேலைக்கு மூன்று சேலையாக எடுத்துவிட்டு உன் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரியான பொருளைச் சொன்னவள் பூதப்பாண்டி ஆசுபத்திரியில் இருந்த ஒரு நர்ஸ். உனக்குக் காய்ச்சல் என்று கூட்டிப் போனேனே, நீ பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாய், அப்போது தனியாகப் போய்க் கேட்டேன். "எதிராளி. போட்டிக்கு நிக்கவங்க" என்றாள். ஏன் கேட்கிறாய் என்றுகூட அவள் கேட்கவில்லை. நான் மருந்து வாங்கிக்கொண்டு உன்னை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நீ என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாய். உன் சூட்டைவிட என் சூடு அதிகமாக இருந்தது. நான் என் பிள்ளைக்கு அம்மா. என் வீட்டில் என் பிள்ளைக்கு என்னோடு போட்டிக்கு ஒருத்தி நிற்கிறாள், அதை அவளே பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அப்படித்தான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததற்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். காரணம் நான்தான். உன் அப்பா தம்பியை ஒரு வார்த்தை அதட்டிப் பேசியவர் இல்லை. நான் பாய் விரிக்கும்போதும் சோறு போடும்போதும் ஓயாமல் நச்சரித்து அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். வீட்டின் நடுவில் சுவர் எழுந்தது. அடுப்பு இரண்டானது. வயலையும் வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். ஆனால் தண்ணீரைப் பிரிக்க முடியாது. ஒரே வாய்க்கால், ஒரே மடை, ஒரு நாள் நமக்கு ஒரு நாள் அவர்களுக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். இனிமேல் நீ எனக்குத்தான் என்று நினைத்தேன். நீ தெருவழியாகச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் ஏறினாய். சுவருக்கு அந்தப் பக்கம் நீ படிக்கிற சத்தம் கேட்கும். சுவர் இல்லாத காலத்திலாவது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது வருகிறது. நீ பள்ளி இறுதி வகுப்பில் தேறிய வருஷம். திருவனந்தபுரத்துக் கல்லூரிக்குச் சித்தி உனக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டாள். ஆனி மாதத்தில் ஒரு நாள் நீ மாமா வீட்டுப் பிள்ளைகளோடு வட்டக்கோட்டைக்குக் கடல் பார்க்கப் போயிருந்தாய். உன் அப்பா வயலில். தபால்காரர் ஒரு நீளக் கவரை என் கையில் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் உன் பேர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ உன் நோட்டு அட்டையெல்லாம் எழுதி வைத்திருப்பாயே. உன் பேர் இருந்தது. மேலே ஒரு முத்திரை இருந்தது. அது எங்கிருந்து வந்திருக்கிறது, எதற்கு வந்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை உளுந்துப் பானைக்குள் உளுந்துக்கு அடியில் போட்டு மூடினேன்.

ஒரு நாள் வைத்துக்கொண்டு மறுநாள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன் என்பது சத்தியம். மறுநாள் கொடுத்தால் நேற்றே வந்ததா என்று கேட்பார்களே என்று தோன்றியது. மூன்றாம் நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. பத்தாம் நாள் கொடுக்கவே முடியாத ஒன்றாகிவிட்டது. நீ தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பாய். பகவதி மூன்று தடவை தபாலாபீசுக்கு நடந்துபோய் விசாரித்துவிட்டு வந்தாள். கல்லூரி திறந்துவிட்டது என்று தெரிந்த அன்று நீ அவள் வீட்டுக்குப் போனாய். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "அப்ளிகேஷன ஒழுங்காத்தான் எழுதிப் போட்டீங்களா? இல்ல, நான் ஒங்களவிடப் பெரிய படிப்புப் படிச்சிரக் கூடாதுன்னு இருந்திச்சா?" என்று கேட்டாய்.  அவள், "போட்டேன் மக்ளே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதோடு நீ அந்த வாசலை மிதிப்பதை விட்டாய். நேராக வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். மக்ளே, இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், நான் சந்தோஷமாக இருந்தேன்.

தை மாதம் வந்தது. மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல் பொதி கட்டி நிற்கிற நேரம், வாய்க்காலில் தண்ணீர் பாம்பாக மெலிந்துவிட்டது. உன் அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார். உன் சித்தப்பா மாடு வாங்க வெளியூருக்குப் போயிருந்தார். நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் திருப்பப் போகிற வழக்கமில்லை, ஆனால் போகாவிட்டால் நெல் பதராகிவிடும். நம் முறைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை, பாதி வயல் காய்ந்து கிடந்தது. மறுநாள் அவர்கள் முறை. நான் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்து வாயை மண்கட்டி போட்டு அடைத்துவிட்டு, நம் பக்கம் திருப்பிக்கொண்டு மடையில் நின்றேன். வெயில் ஏறும்போது பகவதி வந்தாள். சேலையை இழுத்துச் செருகி, தன்னைவிடப் பெரிய மண்வெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு.

அடைப்பைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. இன்றைக்குத் தங்கள் முறை என்றாள். நேற்று எங்களுக்கு வரவில்லை என்றேன். சரி, பாதி பாதி விட்டுக்கொள்வோம் என்றாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். விட்டுக் கொடுக்கிறாளே, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"எம் பிள்ளையில பாதி எடுத்த. இப்ப தண்ணியிலயும் பாதியா?" என்றேன். "நீ எனக்கு ரைவலாக்கும். நீதானே சொன்ன? பிள்ளைகிட்ட சொல்லிச் சிரிச்சேல்லா?"

அவள் தோளிலிருந்து மண்வெட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். "அக்கா, அந்த வார்த்தை ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். ரயிலில் தொடங்கி நர்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று வருஷமாக ஒரு சொல்லை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவள் போல எனக்கு மூச்சு வாங்கியது. அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வரியச் சொன்னது நான் இல்ல. பாடத்துல அந்த வார்த்தை வந்திச்சு. ஒரு வாக்கியம் சொல்லுன்னேன். எங்க அம்மாவும் எங்க சித்தியும் ரைவல்னு பிள்ளைதான் சொன்னா. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. ஏசவும் மனசில்ல. அகராதியைத் திறந்து, அந்த வார்த்தை எங்கேருந்து வந்திச்சுன்னு காட்டினேன். ரோமாபுரிக்காரங்க பழைய பாஷையில ரிவுஸ்னா வாய்க்கால். ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கவங்களுக்கு ரிவாலிஸ்னு பேரு. அதுதான் பிறகு இங்கிலீஷ்ல ரைவல் ஆச்சு."

 நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். என் ஒரு பக்கம் நம் வயல், ஒரு பக்கம் அவர்கள் வயல். பார்த்ததே இல்லாத ஊரில் செத்துப்போன யாரோ ஒருவன் எங்களைப் பார்த்துப் பேர் வைத்த மாதிரி இருந்தது.

"பின்ன எதுக்கு ரெண்டு பேரும் என்னப் பாத்துச் சிரிச்சியோ?" என்று கேட்டேன்.

"அவ கேட்டா அக்கா, அப்பம் வாய்க்கால் நானா சித்தின்னு. அதுக்காக்கும் சிரிச்சோம்."

உனக்கு இது நினைவிருக்கிறதோ என்னவோ. பதினாலு வயசில் நீ விளையாட்டாகச் சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் உன் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு நின்றது உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அந்த இடத்திலேயே நான் அவளிடம் சொன்னேன். பிள்ளைக்குக் கடிதாசி வந்தது, என்னிடம்தான் இருக்கிறது, உளுந்துப் பானையில் என்று. அழுதுகொண்டு சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னேன்.

அவள் எழுந்தாள். மண்வெட்டியை எடுத்தாள். நான் ஒரு கணம் பயந்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், நான் போட்டிருந்த அடைப்பை ஒவ்வொரு கட்டியாக வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் தன் வயலுக்குத் திருப்பினாள். "இண்ணு எங்க முறை" என்று சொல்லிவிட்டு அங்கேயே காவலுக்கு நின்றாள். நான் வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை, சுவர் எழும்பிய பிறகு முதல்முறையாக அவள் நம் அடுப்படிக்குள் வந்தாள். நீ உன் அப்பாவுக்கு வைத்தியரிடம் தைலம் வாங்கப் போயிருந்தாய். "எங்க அது?" என்றாள். கவரில் உளுந்துமாவு ஒட்டியிருந்தது. பிரித்து எனக்குத் தமிழில் சொன்னாள். இடம் கிடைத்திருக்கிறது, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய சம்பளத்தில் பாதி தள்ளுபடியும் கொடுத்திருக்கிறார்கள், இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும். அந்தத் தேதியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அதைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவள் என்னை அப்போதே மன்னித்துவிட்டாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் அவளாகவே வந்தாள். வருகிற வருஷத்துக்கு மறுபடியும் விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். அவள் கையெழுத்தை நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பள்ளிக்கூடத்துக்குப் போய் உன் பெரிய டீச்சரைக் கொண்டு எழுதவைத்து, என்னிடம் கொடுத்தாள். அந்தத் தாளைத்தான் நான் உன்னிடம் நீட்டி, "டீச்சரைப் பாத்து எழுதி வாங்கினேன்" என்று சொன்னேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, எனக்கு நீதான்" என்றாய். நான் அந்தப் பிடியை வாங்கிக்கொண்டேன், மக்ளே. அது என்னுடையது அல்ல என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். நீ திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிய அன்று அவள் தன் வாசலில் நின்றாள். நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் களியக்காவிளை தாண்டியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வந்து, "போய்ச் சேந்திருப்பாளா அக்கா?" என்று கேட்டாள்.

அவளிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் இன்னும் பிள்ளையிடம் சொல்லாமல் இருக்கிறாய் என்று. நீ தன்னைத்தான் குற்றவாளியாக நினைக்கிறாய் என்பது அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னாள், "எனக்கு மட்டும் பொறாமை இல்லன்னு நெனச்சியோளா? இங்கேயே இருந்தா ஒங்க பிள்ள. தூரத்துல போய்ப் படிச்சா நான் படிக்க வச்ச பிள்ள. அதுக்காவும்தான் அப்ளிகேஷன் போட்டேன். அவ கேட்டதுல கொஞ்சம் உண்மை இருந்திச்சு. அதான் வாய் வரல்ல." அன்றைக்கு எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது. என்னைப் போல அவளும் இருந்தாள் என்பதால்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. சேலை, நகை, யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். சித்தி கல்யாணத்துக்கு வந்தால் போதும், எதற்கும் முன்னால் நிற்க வேண்டாம் என்று. உன் அப்பா அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளை பெறாதவள் மங்கல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று சொல்ல ஊரில் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உன் வரி வசதியாகப் போய்விட்டது. நான் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். நான் ஆசைப்பட்டது எல்லாம் அந்த ஒரு வரியில் எனக்குக் கிடைத்திருந்தது. நீ முழுக்க என் பிள்ளை. எனக்கு எதிரே யாரும் இல்லை.

மூன்றாம் நாள் பகவதியிடம் போய், உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள். "வேண்டாம் அக்கா. கல்யாண நேரத்துல அவளுக்கு அம்மைமேல வெறுப்பு வந்துரக் கூடாது. சித்தி இல்லேண்ணா பிள்ளைக்கு ஒண்ணும் குறையாது. அம்மை வேணும்."

நான் மனசு உருகிப் போய்த் திரும்பி வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு எரிந்தது. தேங்காய் அரைக்கத் தெரியாத அந்தப் பெண் இதிலும் என்னைவிட மேலே போய் உட்கார்ந்துகொண்டாளே என்று இருந்தது. உனக்காக அவள் உன்னையே விட்டுக் கொடுக்கிறாள். அவளால் முடிகிறது, நான் பெற்றவள், என்னால் முடியாதா? அந்த ஆத்திரத்தில்தான் அன்றைக்கே தாளை எடுத்து உட்கார்ந்தேன். நல்ல மனசினால் எழுதுகிறேன் என்று நீ எண்ண வேண்டாம். பாதிக்குமேல் பொறாமைதான் எழுத வைத்தது. ஆனால் எழுத எழுத, முடிக்காமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

அந்தக் கல்லூரிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் உன்னிடமிருந்து நான் திருடினேன், அதற்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. அவள் என்னோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள், நீ அவளைவிட அதிகம் இருக்க உரிமை உள்ளவள். அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போடு. என்ன எழுதினாய் என்று நான் கேட்க மாட்டேன். இங்கிலீஷிலேயே எழுது.

நீ போகிற வீட்டிலும் உன் புருஷனுக்கு ஒரு அம்மா இருக்கிறாள், இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் அவர் உன்னைத் தாண்டிப் போய் அவர்களில் ஒருத்தியைக் கூப்பிடுவார். அன்றைக்கு உனக்கு முள் தைக்கும். தைத்தால் தைத்தது என்று அந்த நிமிஷமே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடு. என்னைப் போல உளுந்துக்கு அடியில் புதைக்காதே.

கல்யாணத்தன்று உன் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டியவள் யார் என்று நீயே முடிவு செய். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவள்தான் என்று உனக்குத் தோன்றினால், அவளிடம் நீயே வந்து சொல்லு, நான் போய்ச் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் எல்லோரோடும் நின்று பார்த்துக்கொள்கிறேன். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதை நான் சமாளித்துக்கொள்வேன். நீ அந்த நேரம் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிடாதே, மக்ளே.

உன் அம்மா